திரையிலே கண்ட மறதி

“அம்மாவை ஒருமுறை பழைய தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம், தம்பி. அந்த லயத்தைக் கண்டால் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்” என்றார் என் தமக்கையார். முதல்நாள் இரவு அவர் தொலைக்காட்சியிலே ஒரு படம் பார்த்திருக்கிறார். அதிலே நினைவிழந்த ஒருவர் தாம் பிறந்த வீட்டு வாயிலிற் கால் வைத்ததும் கண்ணீர் மல்க எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கின்றாராம். படத்தின் பெயரைக் கேட்டேன். அது அக்காவுக்கு நினைவில்லை.

எங்கள் அன்னையார் எண்பதைக் கடந்தவர். சென்ற சில ஆண்டுகளாக அவர் நினைவு ஒவ்வோர் ஏடாக உதிர்ந்து வருகின்றது. காலையிலே உண்டதை நண்பகலில் அறியார். என்னை ஒருநாள் தம் தமையன் என்பார். மறுநாள் யாரோ ஓர் உத்தியோகத்தர் என்று எண்ணி எழுந்து நிற்பார். அக்காவின் சொல்லை மறுத்துரைக்க என்னால் இயலவில்லை. ஆயினும், திரைப்படம் காட்டும் மறதிக்கும் மெய்யான மறதிக்கும் உள்ள உறவு யாது என்ற வினா அன்று முதல் என்னை விட்டகலவில்லை. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இஃது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். நூல்களை மனனஞ் செய்வித்தே காலங்கழித்தவனுக்கு நினைவைப்பற்றி எண்ணுதற்குச் சிறிது உரிமையுண்டென்றே கருதுகின்றேன்.

யட்டியாந்தோட்டையில் வாழ்பவனுக்குத் திரைப்படம் தொலைவிலுள்ள பொருளன்று. இங்கிருந்து அட்டன் வீதியிலே சில மைல் சென்றால் கித்துல்கல வரும். “குவாய் ஆற்றுப் பாலம்” என்ற உலகப் புகழ்பெற்ற படத்தை டேவிட் லீன் எடுத்தது அங்கேதான். களனி கங்கையின் குறுக்கே மரத்தாலான பெரும் பாலமொன்றைக் கட்டி, 1957ஆம் ஆண்டு அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அடித்தளங்கள் இன்றும் பாறைமீது கிடக்கின்றன. அந்தப் படப்பிடிப்பைக் காணும் பேறு பெற்ற மாணவர்களுள் ஒருவர், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா. தம்மைத் திரைத்துறையின்பால் ஈர்த்தது அக்காட்சியே என்று அவர் பலமுறை கூறியிருக்கின்றார். தமிழ்த் திரையில் மறதியை வைத்து எடுக்கப்பட்ட படங்களுள் தலையாயதென்று நான் கருதும் “மூன்றாம் பிறை”யை 1982இல் ஆக்கியவரும் அவரே. நம் ஆற்றங்கரையிலே விழுந்த வித்து நீலகிரிச் சாரலிலே முளைத்ததென்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையுண்டு. ஊர்ப்பற்று என்று நகைப்பவர் நகைக்கட்டும்.

அப்படத்தின் கதை பலரும் அறிந்தது. மோட்டார் விபத்திலே தலையில் அடிபட்ட இளம்பெண் ஒருத்தி தன் வாழ்வை மறந்து சிறுகுழந்தையின் மனநிலையை எய்துகின்றாள். இழிந்த இடத்திலே சிக்கியிருந்த அவளை மீட்டு, கேத்தி என்னும் மலையூரில் வைத்துக் காக்கின்றான் ஓர் ஆசிரியன். வைத்தியர் ஒருவரின் மருந்தால் அவளுக்குப் பழைய நினைவு மீள்கின்றது. மீண்ட கணத்திலேயே ஆசிரியனோடு வாழ்ந்த நாட்கள் அடியோடு அழிந்துபோகின்றன. புகையிரத நிலையத்திலே அவன் ஆடியும் விழுந்தும் தன்னை நினைவூட்ட முயல்கின்றான். அவளோ யாரோ ஒரு பித்தன் என்று எண்ணிப் போய்விடுகின்றாள். கீற்றாகத் தோன்றி விரைவில் மறையும் பிறையின் பெயரை இக்கதைக்கு இட்டவர் சொல்லின் அருமை அறிந்தவர்.

உளநூலார் இதனை ஒப்புவரா? பெரும்பாலும் ஒப்பார். தலையில் அடிபட்டவர் அடிபடுவதற்குச் சற்று முந்திய காலத்தையும் அதன்பின் மயங்கிக் கிடந்த காலத்தையும் மறப்பது உண்டு. தம் பெயரையும் பெற்றோரையும் வயதையும் மறந்து, அதே வேளையிற் புதியனவற்றையெல்லாம் செவ்வனே கற்றுக்கொண்டு, குழந்தையாக மாறிவிடுதல் மூளைக் காயத்தின் இயல்பன்று. பழையது வந்தவுடன் புதியது போதல், பண்டமாற்றுப் போன்ற இந்த ஏற்பாடு, கதாசிரியர்களின் படைப்பு. 1942இல் வந்த “ராண்டம் ஹார்வெஸ்ட்” என்ற அமெரிக்கப் படத்திலே போரில் நினைவிழந்தவன் ஒருவன் மணஞ்செய்து வாழ்கின்றான். வீதியிலே வாகனம் மோதியதும் பழைய வாழ்வு நினைவுக்கு வர, மனைவியை மறந்துவிடுகின்றான். 1956இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் பத்மினியும் நடித்த “அமரதீபம்” இதன் வழிவந்தது. ஓர் அடி நினைவைப் போக்கும், மறு அடி அதனைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கையை நம் மக்கள் உள்ளத்திலே வேரூன்றச் செய்தவை இத்தகைய படங்களே. இலண்டனைச் சேர்ந்த நரம்பியல் உளநூலறிஞர் சாலி பாக்ஸென்டேல் 2004இலே, திரைப்படங்களில் வரும் மறதியை ஆராய்ந்து ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியபோது இந்த இரண்டாம் அடியையும் நகைத்தொதுக்கினார். பழுதுற்ற மூளையை மறுபடி அடித்தாற் பழுது மிகுமேயன்றித் தீராது.

ஆனாற் பழியை முழுவதும் திரைப்படத்தின் தலையிலே சுமத்துதல் நேர்மையாகாது. சகுந்தலையின் கதையை நினைத்துப் பாருங்கள். மகாபாரதத்திலே துஷ்யந்தன் அவளை மறக்கவில்லை. அறிந்தும் அறியாதான் போல் அவையிலே மறுக்கின்றான். சாபத்தையும் மோதிரத்தையும் புகுத்தி அவன் பொய்யை மறதியாக மாற்றியவன் காளிதாசன். மன்னனின் மானத்தைக் காக்கக் கவிஞன் கண்ட வழி அது. நம் திரைப்பட நாயகனும் இரண்டு பெண்களுக்கிடையே அகப்பட்டுக்கொண்டால் மறதி வந்து அவனைக் குற்றத்தினின்று விடுவிக்கின்றது. பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, மறதியைக் குற்றமாக எண்ணிய வள்ளுவர் இவர்களை எளிதில் விட்டிருக்கமாட்டார். 1940இலே எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த “சகுந்தலை” முதல் இன்றுவரை, தமிழ்த் திரையின் மறதி நோயாக வருவதிலும் மன்னிப்பாக வருவதே மிகுதி.

எனினும் அந்த மோதிரத்திலே ஓர் உண்மை உண்டு. ஒரு பொருளைக் கண்டதும் மறந்தது மீள்வது நாமெல்லாம் அறிந்ததே. 1975இலே கொடனும் பாட்லியும் நீரில் மூழ்குவோரைக்கொண்டு ஒரு சோதனை செய்தனர். நீருக்கடியிலே கேட்டு மனங்கொண்ட சொற்களை அவர்கள் கரையிலே நினைவுகூர்ந்ததைவிட நீருக்கடியிலேயே நன்றாக நினைவுகூர்ந்தனர். கற்ற இடமே நினைவின் திறவுகோலாகின்றது. அக்காவின் நம்பிக்கை அவ்வகையிற் பேதைமையன்று. ஆனால் திறவுகோல் பயன்படுவது பெட்டிக்குள்ளே பொருள் இருந்தால்தான்.

மெய்யான மறதி எவ்வாறிருக்கும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஓர் அமெரிக்கர். வலிப்பு நோயால் வருந்திய அவருக்கு 1953ஆம் ஆண்டு, 27 வயதிலே, ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூளையின் இருபுறத்தும் உட்பகுதியிற் சிலவற்றை அகற்றினார். அகற்றியவற்றுள் கடற்குதிரையின் வடிவுடையதாகலின் அப்பெயராலேயே வழங்கும் உறுப்பின் பெரும்பகுதியும் ஒன்று. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்று முதல் அவர் புதிதாக எதனையும் நினைவிற் சேர்த்துவைக்க இயலாதவரானார். ஸ்கோவிலும் பிரெண்டா மில்னர் என்ற அம்மையாரும் அவரைப்பற்றி எழுதிய ஆய்வு வெளிவந்த ஆண்டு, கித்துல்கலவிலே பாலம் தகர்ந்த அதே 1957. எச். எம். என்ற முதலெழுத்துக்களால் மட்டும் அறியப்பட்ட அவர் ஹென்றி மொலேசன் என்பது 2008இல் அவர் இறந்தபின்பே உலகுக்குத் தெரிந்தது.

அவர் அறிவு குன்றவில்லை. சிறுவயதை அறிவார். மொழியறிவு கெடவில்லை, நகைச்சுவையும் இருந்தது. தாம் யார் என்பதை அவர் மறக்கவேயில்லை. திரைப்படத்திலே முதலிற் போவது பெயர். மெய்யான நோயிலே பெரும்பாலும் இறுதிவரை நிற்பது பெயர். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்குமாறு அவரிடம் சொன்னார்கள். அவர் அவ்விலக்கங்களைக் கூட்டியும் பகுத்தும் தமக்குள்ளே ஏதோ கணக்கிட்டுப் பதினைந்து நிமிடம் காத்து வைத்திருந்தார். கவனம் வேறொன்றிற் சென்றதும் எண்ணும் போயிற்று; எண் ஒன்று கேட்கப்பட்டதும் போயிற்று.

பதினைந்து நிமிடம் என்றதும் இளைஞர்களுக்குக் “கஜினி” நினைவுக்கு வரும். 2000இல் வந்த “மெமென்டோ”வைத் தழுவி ஏ. ஆர். முருகதாஸ் 2005இலே எடுத்த அப்படத்தின் நாயகன், தலையிலே பட்ட அடியால் பதினைந்து நிமிடத்துக்குமேல் எதனையும் நினைவில் வைக்க இயலாதவன். உடலிலே பச்சை குத்திக்கொண்டும் நிழற்படங்களிற் பெயரெழுதிக்கொண்டும் பகை முடிக்க அலைகின்றான். அடிதடிகளை நீக்கிப் பார்த்தால், இது மூன்றாம் பிறையைவிட உளநூலுக்கு அண்மையிலுள்ளது. பழையதை மறவாமல் புதியதைச் சேர்க்க இயலாமை மெய்யான நோய். “மெமென்டோ”வைப் பாக்ஸென்டேலும் பாராட்டியிருக்கின்றார். ஆனால் கடிகாரம் வைத்தாற்போற் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை துடைத்தழியும் நினைவு எவருக்கும் இல்லை. கவனம் நிற்கும்வரை நினைவு நிற்கும். ஒரு கதவடி ஓசை போதும், அதனைக் கலைக்க.

இன்னொன்று. நிகழ்ச்சி மறந்தபின் சினம் எப்படி நிற்கும் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 2010இலே அயோவாப் பல்கலைக்கழகத்தார், நினைவைச் சேர்க்க இயலாத ஐந்து நோயாளருக்குத் துயரம் மிக்க திரைப்படத் துண்டுகளைக் காட்டினர். சிறிது நேரத்திற் படத்தை அவர்கள் மறந்தனர்; துயரம் மறையவில்லை. எதற்காக வருந்துகின்றோம் என்பதறியாமலே வருந்திக்கொண்டிருந்தனர். இதனைப் படித்த நாள்முதல் அம்மாவிடம் குரலை உயர்த்திப் பேசுவதை நிறுத்தினேன். அதற்குமுன் உயர்த்தியதுண்டு, மறந்துவிடுவார்தானே என்று எண்ணியதுமுண்டு.

தமிழ்ப் படங்களுள் உண்மைக்கு மிகவும் நெருங்கியது 2012இல் வந்த ஒரு நகைச்சுவைப் படம் என்றால் வியப்பாயிருக்கும். “நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்” என்பது அதன் பெயர். இலக்கண ஆசிரியன் காதுக்கு அப்பெயர் இனிமை பயக்கவில்லை. ஆனாற் படம் மெய்யானது. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நேர்ந்ததையே பாலாஜி தரணீதரன் கதையாக்கினார். கிரிக்கெட் ஆட்டத்திற் பந்தைப் பிடிக்கப்போய் விழுந்து பின்தலை அடிபட்ட மணமகன், அண்மைக்காலத்தை முற்றும் மறந்து, கேட்டதையே கேட்டுச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கின்றான். தாம் காதலித்த மணப்பெண்ணையே அறியான். தோழர்கள் அவனை மணவறைக்கு இழுத்துச் செல்கின்றனர். அந்தத் திரும்பத் திரும்பக் கேட்டல் இருக்கின்றதே, அதனை வேறெந்தப் படமும் இவ்வளவு சரியாகக் காட்டியதில்லை. மறதியுள்ள வீட்டிலே வாழ்பவருக்குத் தெரியும்: மறதி கண்ணீரன்று, ஒரே கேள்வி, ஒரு நாளிலே நாற்பது முறை.

மறதியைக் காட்டுவதிலே படங்கள் செய்யும் பிழையைவிட, நினைவைக் காட்டுவதிலே செய்யும் பிழை பெரிது என்பது என் துணிபு. ஒரு பாத்திரம் கண்களை மூடினால் திரையிலே பழைய காட்சி விரிகின்றது. அவன் காணாத கோணமும், கேளாத பேச்சும், பின்னணி இசையும் அதிலே அமைந்துள்ளன. நினைவென்பது பெட்டியிலே சுருட்டி வைத்த படச்சுருள் என்ற எண்ணத்தை இது வளர்க்கின்றது. 1954இலே எஸ். பாலச்சந்தர் பாடலொன்றுமின்றி எடுத்த “அந்த நாள்” இதற்கு ஒரு விதிவிலக்கு. கொலையுண்டவனைப்பற்றி ஒவ்வொருவர் சொல்லும் ஒவ்வொரு விதமாயிருக்கும். அந்தத் துணிவு தொடரவில்லை. 1974இலே எலிசபெத் லொப்டசும் அவர் துணைவரும் மோட்டார் வண்டிகள் மோதும் படத்துண்டுகளைக் காட்டி, வேகம் எவ்வளவு என்று வினவினர். “இடித்தபோது” என்று கேட்டவர்களுக்கு மணிக்கு 34 மைல் என்றும், “நொறுங்கியபோது” என்று கேட்டவர்களுக்கு ஏறத்தாழ 41 மைல் என்றும் சராசரி விடை வந்தது. பிறிதொரு சோதனையிலே, ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டபோது, “நொறுங்கிய” என்ற சொல்லைக் கேட்டவர்களுட் கூடுதலானோர் இல்லாத கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒரு சொல், கண்ட காட்சியை மாற்றிவிடுகின்றது. சொல்லை விற்றுப் பிழைக்கும் நாம் இதனைச் சற்று நின்று எண்ணவேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். “மூன்றாம் பிறை”யை நான் சிறுவனாயிருந்தபோது தந்தையாரோடு படமாளிகையில் அமர்ந்து பார்த்தேன். இறுதிக் காட்சியிலே அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டிலிருந்து வந்த இறப்பர்ப்பால் வாசனை இன்றும் என் நாசியில் இருக்கின்றது. இதனைப் பண்டித வகுப்பிலே மெய்ப்பாட்டியல் நடத்தும்போது பலமுறை சொல்லியிருக்கின்றேன். சென்ற ஆண்டு அக்காவிடமும் சொன்னேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். “அப்பா போனது எழுபத்தொன்பதில், தம்பி. அந்தப் படத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவர் சித்தப்பா” என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். படம் வெளிவந்தபோது தந்தையார் இறந்து மூன்று ஆண்டு. அந்தத் துண்டும் வாசனையும் மெய், அழுகையும் மெய்யாயிருக்கலாம், இருக்கையில் இருந்தவர் மட்டும் வேறு. சித்தப்பாவை எழுப்பிவிட்டு அப்பாவை அமர்த்தியது நான்.

தனியொருவன் உள்ளத்தில் நிகழும் இம்மாற்றம் ஓர் இனத்தின் நினைவிலும் நிகழும். கித்துல்கலவுக்கு வருவோர் அப்பாலம் நின்ற இடத்திலே படம் பிடித்துக்கொள்கின்றனர். அந்தப் படம் சொல்வது ஆங்கிலேயக் கைதிகளின் கதை. சயாம்–பர்மா புகையிரதப் பாதை, 1942, 43இல் யப்பானியர் 415 கிலோமீற்றர் நீளத்துக்கு அமைத்தது. அதிலே உழைத்த நேசநாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கினர். மாண்டவர்களுட் பெருந்தொகையினர் ஆசியரே. அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். நம் பாட்டனார் கப்பலேறி இங்கு வந்தபோது, அவர்தம் உறவினர் அங்கே கப்பலேறியவர். படத்திலே அவர்கள் கதை இல்லை. இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊரிலே எடுத்த படத்தில், அங்கே மடிந்த இறப்பர்த் தோட்டத் தமிழருக்கு இடமில்லாமற் போயிற்று. மலேசியாவிலே ஆர். சண்முகம் “சயாம் மரண ரயில்” என்றும், அ. ரெங்கசாமி “நினைவுச்சின்னம்” என்றும் நாவல்கள் எழுதி அவ்விடத்தை நிரப்ப முயன்றனர். இன்னொரு விந்தை: சயாமிலே மெய்யான பாலம் நிற்கும் ஆற்றின் பெயர் மே குளோங். படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றைத் தேடி வருவோர் பெருகவே, அந்நாட்டார் ஆற்றின் அப்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றிவிட்டனர். திரையின் நினைவுக்கு ஆறே இணங்கிப்போயிற்று.

சென்ற மாதம் அக்காவின் விருப்பப்படி அம்மாவைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். லயத்தைக் காட்டினோம். அவர் பிறந்த காம்பிராவின் முன்னே நிறுத்தினோம். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நிகழவில்லை. வெயிலாயிருக்கிறது, போகலாம் என்றார் அம்மா. இவ்வாறாகும் என்று நான் அறிவேன். மூப்பில் வரும் இந்நோய் கடற்குதிரை போன்ற அவ்வுறுப்பையே முதலிற் பற்றுகின்றது. பின்னர் அங்கேயே நில்லாமற் பரவுகின்றது. அண்மையது முதலிலும் பழையது பின்னரும் அழியும் என்று ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1881இலேயே எழுதினார். அறிந்திருந்தும் என் கண்கள் அக்காவின் கண்களைப் போலவே அம்மாவின் முகத்திலேதான் இருந்தன.

திரும்பும் வழியிலே இறப்பர் மரங்களிற் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி அம்மாவை அறிந்து அருகில் வந்தாள். அவள் கையிலிருந்த கத்தியை அம்மா தாமே வாங்கிக்கொண்டார். மரத்தின் முன் சற்றே குனிந்தார். பட்டையின்மேல் உறைந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். பின் இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழ்நோக்கிக் கத்தியை இழுத்தார். மரத்தின் தசையிற் படாமல், நாணயத்தின் கனத்துக்குப் பட்டை சீவி விழுந்தது. பால் முத்துமுத்தாக ஊறிச் சிரட்டையை நோக்கி ஓடிற்று. மில்னர் அம்மையார் மொலேசனுக்கு, கண்ணாடியிலே பார்த்து நட்சத்திரம் வரையும் வித்தையை மூன்று நாள் கற்பித்தார். நாளுக்குநாள் அவர் கை தேறிற்று. முன்பு வரைந்ததாக ஒருநாளும் அவர் அறிந்ததில்லை. கையின் நினைவு வேறு, கதையின் நினைவு வேறு, இரண்டும் மூளையிலே வெவ்வேறிடத்தில் வாழ்வன என்று உளநூலார் அதிலிருந்துதான் துணிந்தார்கள். அப்பாடத்தை எனக்கு இரண்டாம் முறை கற்பித்தது அந்தச் சிரட்டை.

அம்மா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைச் சேலையிலே துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன். சட்டைப் பையிலே பேனையும் இருந்தது. சற்றே ஒதுங்கி நின்றார்.

“கணக்கப்புள்ள ஐயா, எனக்கு இன்னைக்கு முழுப்பேர் போட்டாச்சா?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போட்டாச்சு” என்றேன்.